தாத்தா எடுத்த டைமன் ஒன்பது: மேடையில் மேஜிக் சொதப்பும்போது

நாகப்பட்டினத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் கடல். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் மேஜிக் ஷோ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வாரநாளில் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, ஞாயிறுகளில் மேஜிக் என்று நான் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மேடை ஏறத் தொடங்கி ஆறேழு வருடம் ஆகியிருந்தது. கயிறு, வளையம், செய்தித்தாளுக்குள் பால் ஊற்றுவது எல்லாம் நன்றாகவே போயின. கடைசிக்கு முந்தின ஐட்டம் சீட்டு. முன்வரிசையில் வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பேரப்பிள்ளைகள் சேர்ந்து எழுப்பி மேடைக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்று மைக்கில் சொன்னார்கள்.

சீட்டுக்கட்டை விரித்தேன். அவர் நிதானமாக ஒன்றை உருவினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். திருப்பிக் கட்டுக்குள் செருகினார். நான் கலைத்தேன், பேசினேன், கடைசியில் ஒரு சீட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். "ஐயா எடுத்தது கிளாவர் ஏழு!"

"இல்லையே தம்பி, டைமன் ஒன்பது" என்றார்.

என் காதுக்குள் ரத்தம் ஏறியது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சிரித்துக்கொண்டே, "நல்லா யோசிச்சுப் பாருங்க ஐயா, கிளாவர் ஏழுதான் எடுத்தீங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. கீழேயிருந்து ஒரு பேரன், பத்து வயது இருக்கும், "தாத்தாவுக்கு இப்பல்லாம் மறந்துபோகுது அங்கிள்!" என்று கத்தினான். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. பெரியவர் ஒரு நொடி கூட்டத்தைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "இருக்கலாம் தம்பி. வயசாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கைதட்டல் கிடைத்தது. ஐட்டம் தப்பித்துவிட்டது.

ஷோ முடிந்ததும் கட்டில் 52 சீட்டு இருக்கிறதா என்று எண்ணிவைப்பது என் வழக்கம். அன்று 51தான் வந்தது. மறுபடி எண்ணியபோதுதான் கிளாவர் ஏழு கொஞ்சம் கனமாக இருப்பது விரலுக்குத் தெரிந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பினேன். பின்னால் இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டைமன் ஒன்பது. ஷோவுக்கு முன்னால் சும்மா இருந்த நேரத்தில் ஒரு குழந்தையைச் சீட்டுக்கட்டைக் கலைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளையின் இன்னொரு கையில் ஜாங்கிரி இருந்தது. பாகு, என் கை வியர்வை, கடல் காற்றின் ஈரம் மூன்றும் சேர்ந்து இரண்டு சீட்டை ஒன்றாக்கியிருந்தன. பெரியவர் சொன்னது எழுத்துப் பிசகாமல் சரி. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

மேஜிக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சொதப்பிவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்றுதான். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அன்று நான் சமாளித்தேன். பார்த்தவர்கள் யாருக்கும் தப்பு நடந்ததே தெரியாது. அந்தச் சமாளிப்பைத்தான் என் வாழ்நாளின் மோசமான சொதப்பலாக நான் வைத்திருக்கிறேன். உண்மை சொன்ன ஒரு மனிதரை, அவருடைய பேரப்பிள்ளைகள் முன்னால், அவர் ஞாபகத்தையே அவர் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதெல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்கியது. எந்த வித்தையின் ரகசியத்தையும் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லாமலே பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசானுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். நாகப்பட்டினத்திலிருந்து வந்த மறுநாள் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சின்ன வயதில் தஞ்சாவூர்த் தெருவில் பார்த்த ஒரு செப்பிடு வித்தைக்காரரைப் பற்றிச் சொன்னார். தரையில் துணி விரித்து, மூன்று கிண்ணமும் துணிப் பந்துகளும் வைத்துக்கொண்டு, நாலாபக்கமும் ஜனம் சூழ்ந்து நிற்க நடத்தும் வித்தை அது. மேடையில் எனக்கு முதுகுக்குப் பின்னால் திரை இருக்கிறது. அவர்களுக்கு முதுகுப்பக்கமும் ஆள். ஒருநாள் அந்த மனிதர் விரலிடுக்கில் வைத்திருந்த பந்து நழுவித் துணியில் விழுந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். அவர் பேச்சை நிறுத்தவில்லை, பந்தைத் தேடிக் குனியவில்லை. கையிலிருந்த கிண்ணத்தை அந்தப் பந்தின் மேல் கவிழ்த்து, "இவன் அவசரக்காரன், சொல்றதுக்கு முன்னாடியே வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போனார். திரும்பி வந்து அந்தக் கிண்ணத்தைத் தூக்கியபோது கீழே ஒரு எலுமிச்சம்பழம்.

"விழுந்த பந்தை அவன் ஒளிக்கல, கவனிச்சியா?" என்று கேட்டார் ஆசான். "விழுந்ததை விழுந்ததுன்னே வச்சுக்கிட்டு அங்கேயிருந்து கிளம்பினான். நீ என்ன செஞ்சே? விழுந்ததை விழலைன்னு சொன்னே. அதுக்கு ஒரு மனுஷனைப் பொய்யனாக்க வேண்டியிருந்தது."

அந்த ஒரு பேச்சு எனக்குப் பல வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அதே சீட்டு ஐட்டத்தில் எதிரில் இருப்பவர் "இல்லை" என்று சொன்னால் நான் செய்வது இதுதான். முதலில் கை நின்ற இடத்திலேயே நிற்கும். மூச்சு ஒன்று. அப்புறம், "உங்க சீட்டு எது? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்பேன். இது சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இந்த இடத்தில் இதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடையாது. எனக்கு வேண்டிய ஒரே தகவல் அவர் வாயாலேயே வந்துவிடுகிறது, ஐந்து நொடி அவகாசமும் கிடைக்கிறது. அவர் "டைமன் ஒன்பது" என்றதும் "சரி, டைமன் ஒன்பது" என்று நானும் திருப்பிச் சொல்வேன். அப்போதே அவர் சொன்னது உண்மையென்று மேடையில் பதிவாகிவிடும். தவறான சீட்டைக் கவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்து, மேலே இன்னொரு கையால் மூடச் சொல்வேன். மீதிக் கட்டை என் பக்கமாக விரித்து, "இதில் உங்கள் சீட்டு இருக்கிறதா பார்ப்போம்" என்று தேடுவேன். அதற்குள் கை செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடும். அவர் உள்ளங்கையைத் திறந்தால் டைமன் ஒன்பது இருக்கும். முதலில் காட்டிய தவறான சீட்டும் வித்தையின் பாகம்தான் என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும். சில சமயம் நேராக வந்திருந்தால் கிடைக்கும் கைதட்டலைவிட இதற்குப் பலமாகக் கிடைக்கிறது.

மேஜிக்காரர்கள் இதை 'அவுட்' என்பார்கள். வெளியேறும் வழி. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு வழியாவது கையில் இருக்க வேண்டும், அதை அந்த ஐட்டத்துக்குச் சமமாகப் பழகியிருக்கவும் வேண்டும். பலர் வித்தையை நூறு தடவை பழகுவார்கள், வெளியேறும் வழியை மனதில் மட்டும் வைத்திருப்பார்கள். மேடையில் பயம் வந்ததும் மனதில் இருந்தது போய்விடும், கைக்குப் பழகினது மட்டும்தான் மிஞ்சும். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது என் மனைவி வேண்டுமென்றே கெடுத்துவிடுவாள். மேஜையிலிருந்து ஒரு பொருளை எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைப்பாள், கட்டிலிருந்து சீட்டை உருவிக்கொள்வாள், நடுவில் பாட்டை நிறுத்திவிடுவாள். எப்போது என்று சொல்லமாட்டாள். நான் நிறுத்தாமல் ஷோவை முடிக்க வேண்டும். முதல் மாதம் எனக்குக் கோபம் வரும். இன்று மேடையில் எதுவும் தப்பினால், வீட்டுக்கூடத்தில் ஏற்கெனவே நடந்ததுதானே என்ற நினைப்பு வருகிறது, மூச்சு சீராகிறது.

வெளியேறும் வழி வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை உண்டு. என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. "இப்போது இந்தப் பெட்டியிலிருந்து சிவப்புக் கைக்குட்டை மறையும்" என்று சொல்லிவிட்டால் அது மறைந்தே ஆக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் காட்டி, கைக்குட்டையைப் போட்டு, மூடினால், அடுத்து நடப்பது எதுவானாலும் அதுதான் வித்தை. மேஜிக்காரனிடம் இருக்கும் பெரிய சொத்து, முடிவு அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பது. பாடகர் சுருதி விலகினால் தெரிந்த பாட்டாக இருப்பதால் கூட்டத்துக்குப் பிடிபட்டுவிடும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நாமாக முகத்தைச் சுளித்துக் காட்டிக்கொடுக்காதவரைக்கும். "ஐயோ", "சாரி", நாக்கைக் கடித்துக்கொள்வது, உதவியாளரைத் திரும்பிப் பார்ப்பது, இவையெல்லாம் தானாக வருகிறவை. கைபேசியில் ஒத்திகையைப் படம்பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கீழுதட்டை உள்ளே இழுக்கும் பழக்கம் இருப்பது தெரிந்தது. அதை விட ஒரு வருடம் ஆனது.

பார்க்கிறவர்கள் கடைசியாக எதைப் பார்த்தார்களோ அதைத்தான் நடந்ததாக நம்புவார்கள் என்பதற்கு வங்காளத்து மேஜிக்காரர் பி.சி. சர்க்காரின் லண்டன் நிகழ்ச்சியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1956 ஏப்ரல் 9, பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சி, நேரலை. உதவியாளர் தீப்தி தேயை மேஜையில் படுக்கவைத்து, சுழலும் ரம்பத்தால் இடுப்பில் அறுக்கும் வித்தை. அறுத்து முடிந்தபின் அவர் அந்தப் பெண்ணை எழுப்புகிறார், அசைவில்லை. கையைத் தேய்க்கிறார், அசைவில்லை. முகத்தைத் துணியால் மூடுகிறார். அதோடு தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். நேரம் தீர்ந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். கண்ணெதிரே கொலை நடந்துவிட்டதாகப் பயந்து நாடெங்கும் இருந்து ஜனங்கள் பிபிசிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் நலமாக இருந்தார். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் பேச்சு, சர்க்காரின் அரங்குக் காட்சிகளுக்குக் கூட்டம் அலைமோதியது. அவர் திட்டமிட்டே நேரத்தை இழுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் திட்டமிட்டிருக்கலாம், எனக்கு அது முக்கியமில்லை. அந்த வித்தையில் ஒரு குறையும் இல்லை. கடைசிப் படம் மட்டும் வராமல் போனது, வித்தை கொலையாகிவிட்டது. அதனால் ஓர் ஐட்டம் பாதியில் நின்றால் அங்கேயே நன்றி சொல்லி இறங்கிவிடாதீர்கள். சின்னதாக, கட்டாயம் நடக்கக்கூடிய ஒன்றைச் செய்து முடித்துவிட்டு இறங்குங்கள்.

அந்தக் கட்டாயம் நடக்கக்கூடிய ஒன்று எனக்கு ஒரு சொம்பு. 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்று உலகம் முழுக்கப் பெயர்பெற்ற நம் ஊர் வித்தை, சர்க்காரும் தன் ஷோ நெடுக ஐட்டங்களுக்கு நடுவில் அதைச் செய்துகொண்டே போவார். சொம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் மொத்தமும் கொட்டிவிடும். கொஞ்சம் கழித்து எடுத்துக் கவிழ்த்தால் மறுபடியும் கொட்டும். அதற்கப்புறமும் கொட்டும். பேச்சு வேண்டாம், மைக் வேண்டாம், யாரையும் மேடைக்குக் கூப்பிட வேண்டாம். காலர் மைக் நின்றுவிட்டால், மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை, உதவியாளர் அடுத்த பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் நேராகச் சொம்புக்குப் போய்விடுவேன். தண்ணீர் விழும் சத்தத்துக்கே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இதை முதல் ஐட்டத்துக்கு முன்னாலேயே ஒருமுறை செய்து வைத்துவிடுவது நல்லது. அப்போதுதான் நடுவில் நான் அதைத் தொடுவது யாருக்கும் விசித்திரமாகப் படாது.

சில சொதப்பல்களை மூடவே முடியாது. செய்தித்தாளில் பால் ஊற்றும்போது ஓரம் நனைந்து சொட்டத் தொடங்கினால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நான் "இன்னிக்கு இது வரலை" என்று நேராகச் சொல்லி, தாளைச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறேன். மூன்று வார்த்தை, ஒரு புன்னகை, அவ்வளவுதான். விளக்கம் தேவையில்லை, பேப்பர் சரியில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. கூட்டம் நம்மைத் தோற்கடிக்க வந்து உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணம் புதிதாக மேடை ஏறுகிறவர்களுக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளோடு சிரிக்க வந்தவர்கள். நாம் பதறினால் நமக்காக அவர்களும் பதறுவார்கள், நாம் விட்டுவிட்டால் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

இஸ்ரேலைச் சேர்ந்த யூரி கெல்லர் 1973 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனது இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. கரண்டியை மனசக்தியால் வளைப்பதாகச் சொன்னவர். கார்சன் இளமையில் மேஜிக் செய்தவர். இப்படிச் சக்தி இருப்பதாகச் சொல்பவர்களை அம்பலப்படுத்தி வந்த மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டியிடம் யோசனை கேட்டு, பொருள்களைக் கெல்லர் தரப்பு முன்னதாகத் தொடமுடியாதபடி ஏற்பாடு செய்திருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இன்று சக்தி வரவில்லை என்றார் கெல்லர். அதோடு அவர் பெயர் அழியவில்லை. தந்திரமாக இருந்தால் எப்போதும் வருமே, வராததால் இது உண்மையான சக்திதான் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். இதைக் காட்டி, தோல்வியும் லாபம்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நான் சக்தி இருப்பதாகச் சொல்லி மேடை ஏறுவதில்லை. "இது கை வேலை, பயிற்சி" என்று முதலிலேயே சொல்கிறவன். அப்படிச் சொல்லிவிட்டால் தப்பியதை ஒப்புக்கொள்வதும் சுலபம், பயிற்சிதானே, ஒருநாள் தப்பும்.

லால்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கயிற்றை வெட்டி ஒட்டவைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "அங்கிள், உங்க உள்ளங்கையில இன்னொரு கயிறு இருக்கு!" என்றாள். இருந்தது. கோணம் தப்பி உட்காரவைத்திருந்தார்கள், அதைப் பார்க்காமல் தொடங்கியது என் தப்பு. நூறு பிள்ளைகள் "காட்டுங்க, காட்டுங்க" என்று கத்தத் தொடங்கினார்கள். பழைய ஆளாக இருந்தால், "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காரு" என்றிருப்பேன். ஆசிரியைகளும் அவளை உட்காரச் சொல்லித்தான் கைகாட்டினார்கள். பெரியவர் முகம் கண்முன் வந்தது. "உன் பேர் என்னம்மா? கண்ணு ரொம்பக் கூர்மையா இருக்கு. மேடைக்கு வா, அடுத்ததுக்கு நீதான் எனக்கு அசிஸ்டென்ட்" என்றேன். கயிறுகளை அப்படியே மேஜைக்குக் கீழே வைத்துவிட்டேன், காட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவளிடம் வளையங்களைக் கொடுத்து ஒவ்வொன்றாக இழுத்துச் சோதிக்கச் சொன்னேன். அவள் முழு மூச்சாக இழுத்துப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மைக்கில் சொன்னதும் மொத்தப் பள்ளியும் நம்பியது. அவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறவளே சொல்லிவிட்டாளே. அதன் பிறகு இணைந்த வளையங்களுக்கு எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இரவல் வாங்கும் பொருள் விஷயம் தனி. திருச்சியில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் மணப்பெண்ணின் அண்ணனிடம் மோதிரம் வாங்கினேன். மூன்று கிராம்தான் இருக்கும். கைமாற்றும்போது நழுவி, மேடைக் கம்பளத்தின் இடைவெளியில் விழுந்து பலகைக்குக் கீழே உருண்டுவிட்டது. யாருக்கும் தெரியாது. வேறு வேடிக்கை காட்டிக்கொண்டே மனைவியை விட்டுத் தேடச் சொல்லலாம், பத்து நிமிடம் தாங்கியிருக்கும். ஆனால் கல்யாண மண்டபத்தில் தங்கம் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார்மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். அலங்காரம் செய்ய வந்த பையன்கள், இலை எடுக்கும் அம்மாக்கள். அவர்கள்தான் மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். மைக்கில் சொல்லிவிட்டேன்: "அண்ணனோட மோதிரம் என் கையிலேருந்து நழுவி மேடைக்கு அடியில விழுந்துடுச்சு. எடுத்துக் கொடுத்துட்டு ஷோவைத் தொடர்றேன்." விளக்குகளை முழுதாகப் போட்டார்கள். அலங்காரப் பையன்களே கம்பளத்தைச் சுருட்டிப் பலகையைத் தூக்கினார்கள். கால் மணி நேரத்தில் கிடைத்தது. எடுத்த பையன் கையாலேயே எல்லோர் முன்னாலும் உரியவரிடம் கொடுக்கவைத்தேன். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்கப்புறம் நான் நகை வாங்குவதில்லை. கைக்குட்டை வாங்குவேன், இல்லையென்றால் பத்து ரூபாய்த் தாள், அதன் எண்ணைச் சொந்தக்காரரே ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு. சின்னப் பொருள் எதையும் விளிம்பு உயர்ந்த, துணி ஒட்டிய தட்டுக்கு மேலேதான் கையாளுவேன். விழுந்தாலும் தட்டோடு நிற்கும்.

உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் சமாளிப்பு என்ற பேச்சே கிடையாது. சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வேடமிட்டு உலகப் புகழ்பெற்றவர் உண்மையில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். மேடையில் ஆங்கிலம் பேசவே மாட்டார். 1918 மார்ச் 23 அன்று லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் துப்பாக்கி நிஜமாகவே சுட்டுவிட்டது. தேய்ந்துபோன துப்பாக்கியில் மருந்து கசிந்து, சுடக் கூடாத குழாயிலிருந்து குண்டு பாய்ந்தது. அந்த நொடியில் அவர் பல வருட வேடத்தைக் கீழே போட்டுவிட்டு, ஏதோ ஆகிவிட்டது, திரையை இறக்குங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மறுநாள் இறந்துபோனார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். காப்பாற்ற முடியாத நிலையிலும் அவர் வேடத்தைக் காப்பாற்ற முயலவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் பிரிட்டனின் டாமி கூப்பர். வித்தைகள் சொதப்புவது மாதிரி நடித்தே பெயர் வாங்கியவர். 1984 ஏப்ரல் 15, நேரலையில் மாரடைப்பு வந்து மேடையிலேயே சரிந்தார். அதுவும் நடிப்புதான் என்று கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது.

கூப்பர் கதையைக் கேட்ட அன்றே நானும் மனைவியும் ஒரு சொல் வைத்துக்கொண்டோம். "நீலத் துணியைக் கொண்டா." எங்கள் பெட்டியில் நீலத் துணி எதுவும் கிடையாது. அந்தச் சொல் வந்தால் பாட்டை நிறுத்தி, விளக்கைப் போட்டு, திரையை இறக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. ஒரே ஒரு முறை பயன்பட்டிருக்கிறது. மேடைக்குக் கூப்பிட்ட ஒரு பெண்மணிக்கு வெப்பத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், கூட்டம் பார்க்கவில்லை. அவர் விழுவதற்கு முன் நாற்காலி வந்துவிட்டது. நெருப்பு ஐட்டங்களைப் பள்ளியிலும் பந்தலிலும் நான் அடியோடு விட்டுவிட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தீயில் 94 குழந்தைகளை இழந்த மாவட்டத்தில் ஷோ நடத்துகிறவன் நான். கீற்றும் துணியும் இருக்கும் இடத்தில், எவ்வளவு பழகின கையானாலும் அந்தத் தீக்குச்சியை உரச மனம் வரவில்லை.

மிச்சமெல்லாம் சின்னச் சின்ன ஒழுங்குகள். பிள்ளைகள் தொட ஒரு கட்டு, வித்தைக்கு ஒரு கட்டு. கடலோர ஊர் என்றால் புதுக்கட்டைத்தான் பிரிப்பேன். சீட்டின் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் ஈரத்தில் ஒட்டும். ஷோவுக்கு முன் ஓரங்களை விரலால் ஓட்டிப் பார்த்துவிடுவேன், ஒட்டிய சீட்டு விரலுக்குத் தடிப்பாகத் தெரியும். மின்விசிறி எந்தப் பக்கம் வீசுகிறது, உட்காரும் வரிசை எங்கே முடிகிறது என்று நானே நடந்து பார்ப்பேன். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எந்தப் பையில் எது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஷோ முடிந்ததும் எது தப்பியது, ஏன் தப்பியது, யாராவது புண்பட்டார்களா என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதும் நாளில்தான் தூக்கம் நன்றாக வருகிறது.

பெரியவரைப் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். விழா வீட்டாரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினேன். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டியிருந்த இரண்டு சீட்டையும் பிரிக்காமலே கொண்டுபோயிருந்தேன். அவர் கையில் கொடுத்து, "ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னுது. அன்னிக்கு அதை உங்க மேல போட்டுட்டேன், மன்னிச்சுக்கணும்" என்றேன்.

கண்ணாடியை இறக்கி இரண்டு சீட்டையும் ஓரத்தில் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்று கத்தின அதே பையன்தான். "இவனுக்கும் சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன். பையன் சீட்டை வாங்கிப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். உள்ளேயிருந்து காபி வந்தது. குடித்து முடித்ததும் பெரியவர், "கட்டு வச்சிருக்கீங்களா? இன்னொரு தடவை செய்ங்க" என்றார்.

புதுக்கட்டைப் பிரித்து விரித்தேன். நிதானமாக ஒன்றை உருவினார். தான் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பேரனிடம் காட்டினார்.